சுவரும் பட்டாவும்

1902-ஆம் ஆண்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், அப்போது ரொடீசியா என்று அழைக்கப்பட்ட நாட்டில், ஒரு பழைய கற்கோட்டையைக் காப்பதற்கு ரிச்சர்ட் ஹால் என்ற பத்திரிகையாளரை அரசு அமர்த்தியது. புதரை வெட்ட வேண்டும், சரிந்த கல்லை ஒதுக்க வேண்டும், சுவர் மேலும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவர் செய்தது வேறு. இரண்டே ஆண்டுகளில் சுவர்களுக்கு நடுவே பல அடி ஆழத்துக்குப் படிந்திருந்த மண்ணை வாரி வெளியே கொட்டிவிட்டார். அந்த மண்ணில் பானை ஓடு இருந்தது, மாட்டெலும்பு இருந்தது, இடிந்த மண்வீடுகளின் தளம் இருந்தது. அதெல்லாம் பிற்காலத்தில் வந்து ஒண்டிக்கொண்ட கறுப்பர்களின் குப்பை என்று அவர் நினைத்தார். குப்பையை அள்ளிவிட்டால் அடியில் உண்மையான பழங்காலம் தெரியும், அது வெளியிலிருந்து வந்த வேறோர் இனத்தின் பழங்காலமாக இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. அடியில் ஒன்றும் இல்லை. அவர் வாரிக் கொட்டியதுதான் வரலாறு.

வெள்ளையர் ஆட்சிக்கு முந்தைய ஆப்பிரிக்க மக்களைப் பற்றி விளக்கச் சொன்னால் எங்கே தொடங்குவது என்ற திகைப்பு யாருக்கும் வரும். இந்தியாவைப் போல் ஒன்பது மடங்கு பரப்பு. இன்றைக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட மொழிகள். நம் பள்ளிப் பாடத்தில் எகிப்தின் பிரமிடு வரும், பிறகு அடிமைக் கப்பல் வரும், பிறகு நேராக மண்டேலா வந்துவிடுவார். நடுவில் சில ஆயிரம் ஆண்டுகள் காணாமல் போயிருக்கும். அந்த இடைவெளியில்தான் செங்கடல் ஓரத்தில் சொந்தக் காசு அடித்த அக்சும் இருந்தது, நைஜர் ஆற்றங்கரையில் மாலி இருந்தது, பித்தளை வார்ப்பில் பெயர்பெற்ற பெனின் இருந்தது. 1324-இல் மக்காவுக்குப் போகிற வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்த மாலி மன்னன் மன்சா மூசாவின் கதை இப்போது கைபேசி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் பட்டியல்தான் மிஞ்சும். ஆகவே ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். ஹால் மண் வாரிய அதே இடம்: மகா ஜிம்பாப்வே.

இன்றைய ஜிம்பாப்வே நாட்டின் தெற்கே, மஸ்விங்கோ நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் அது இருக்கிறது. ஷோனா மொழியில் 'ட்சிம்பா ட்ஸா மாப்வே' என்றால் கல்வீடுகள். அதுதான் சுருங்கி ஜிம்பாப்வே ஆனது என்பது பரவலான விளக்கம். முதலில் ஊருக்கு வந்த பெயர், பிறகு நாட்டுக்கும் போனது. ஊர் ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடக்கிறது. ஒரு குன்று, குன்றின்மேல் உருண்டைப் பாறைகளையே சுவரோடு சேர்த்துக் கட்டிய வளாகம். கீழே பள்ளத்தாக்கு, அதில் அங்கங்கே சிறு வளாகங்கள். பள்ளத்தாக்குக்கு அப்பால், எல்லாப் படங்களிலும் நாம் பார்க்கும் பெரிய சுற்றுமதில்.

அந்த மதிலின் நீளம் சுமார் 250 மீட்டர். சில இடங்களில் உயரம் 11 மீட்டரைத் தொடுகிறது. மூன்று மாடி வீட்டின் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். அடியில் 5 மீட்டர் அகலம் வருகிற இடமும் உண்டு. சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை, எந்தப் பசையும் இல்லை. செங்கல் அளவுக்குத் தட்டி எடுத்த கருங்கல் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியே முழுச்சுவரையும் எழுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு வரிசையையும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே தள்ளி வைத்ததால் சுவர் மேலே போகப் போக உள்பக்கம் சாய்ந்து, தன் எடையாலேயே நிற்கிறது. ஒரு பக்கத்தில் உச்சி வரிசைகளில் கல்லைச் சாய்த்து வைத்து கோணக்கோட்டுக் கோலம் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கட்டுமானத் தேவை ஏதும் இல்லை, கண்ணுக்கு அழகு என்பதைத் தவிர.

இவ்வளவு கல்லுக்கு எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. அந்தப் பகுதியின் கருங்கல் குன்றுகள் வெங்காயம் போல உரியும். பகல் வெயிலில் பாறை விரியும், இரவுக் குளிரில் சுருங்கும், மேல்தோல் தகடு தகடாகப் பெயர்ந்து வரும். பாறைமேல் தீ மூட்டித் தண்ணீர் ஊற்றினால் அதே வேலை விரைவாக நடக்கும். தகட்டின் கனம் ஏறத்தாழ ஒரே சீராக இருப்பதால் உடைத்தால் செங்கல் போலத் துண்டுகள் கிடைக்கும். கல் தந்த வசதியைக் கைத்திறன் பயன்படுத்திக்கொண்டது. தொடக்க காலச் சுவர்களில் கற்கள் கோணல்மாணலாக இருக்கின்றன. பிந்தைய சுவர்களில் நூல் பிடித்தாற்போல ஓடுகின்றன. கொத்தனார்கள் அங்கேயே, தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தேர்ந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. வெளிநாட்டு நிபுணர் வந்து கட்டியிருந்தால் முதல் சுவரே நேராக இருந்திருக்கும்.

தொடக்கத்தில் கோட்டை என்று எழுதினேன். பழக்கதோஷம். இது கோட்டை அல்ல. அம்பு விடும் துளை இல்லை, காவல் மாடம் இல்லை, சில சுவர்களை ஏறியே தாண்டிவிடலாம். சுவர்களுக்குக் கூரையும் கிடையாது. மக்கள் குடியிருந்தது சுவருக்குள் கட்டிய வட்டவடிவ மண்வீடுகளில். கருங்கல் நொறுங்கிய சரளையும் களிமண்ணும் கலந்து குழைத்த அந்தக் கலவைக்கு அங்கே 'டாகா' என்று பெயர். நன்றாக இறுகினால் சிமெண்டு போலப் பளபளக்கும். கல்சுவர் செய்த வேலை மறைப்பது, பிரிப்பது, இன்னார் இங்கே இருக்கிறார் என்று ஊருக்குக் காட்டுவது. சாதாரணக் குடிமக்கள் மதிலுக்கு வெளியே, வீட்டோடு வீடு நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

பெரிய மதிலுக்குள் சுமார் 10 மீட்டர் உயரத்தில் ஒரு கூம்பு நிற்கிறது. உள்ளே புதையல் இருக்கும் என்று தோண்டிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது கல், கல்லுக்குள் கல். முழுக்கத் திண்மையான அடுக்கு. அது தானியக் குதிரின் வடிவம், ஊருக்குச் சோறு போடுகிறவன் அரசன் என்பதன் அடையாளம் என்கிறார்கள் சிலர். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்பதும் தெரியும்.

ஊர் உச்சத்தில் இருந்தபோது 18,000 பேர் வரை வாழ்ந்தார்கள் என்று முன்பு கணக்கிட்டார்கள். ஜிம்பாப்வே நாட்டுத் தொல்லியலாளர் ஷாட்ரெக் சிரிக்குரே போன்றவர்கள் அதைக் குறைத்து, ஒரே நேரத்தில் 10,000 பேரைத் தாண்டியிருக்காது என்கிறார்கள். பத்தாயிரம் பேருக்கும் தண்ணீர் வேண்டுமே? அங்கே பெரிய பெரிய பள்ளங்கள் இருக்கின்றன. வீட்டுக்குக் களிமண் தோண்டிய குழிகள் என்றே நெடுநாள் சொல்லிவந்தார்கள். தொல்லியலாளர் இன்னொசன்ட் பிக்கிராயியும் அவரோடு சேர்ந்தவர்களும் அண்மையில் ஆராய்ந்து, அவற்றில் பல மழைநீரையும் ஊற்றுநீரையும் தேக்கி வைத்த ஊருணிகள் என்று காட்டியிருக்கிறார்கள்.

இவர்கள் யார்? ஷோனா பேசும் மக்களின் முன்னோர். ஷோனா, பாண்டு என்னும் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதனுக்கு ஷோனாவில் 'முன்ஹு', பன்மை 'வன்ஹு'. சுவாஹிலியில் 'ம்டு', 'வாடு'. ஜூலுவில் 'உமுண்டு', 'அபண்டு'. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகி இருக்கும் மொழிகளில் ஒரே வேர். இந்த மொழிகளைப் பேசியவர்களின் மூதாதையர் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய நைஜீரியா–கேமரூன் எல்லைப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்லப் பரவினார்கள். படையெடுப்பாக அல்ல. மகனுக்கு நிலம் போதாமல் அடுத்த பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்வது போல, தலைமுறைக்குத் தலைமுறை நகர்ந்து. கி.பி. முதல் ஆயிரமாண்டின் முற்பகுதிக்குள் இரும்பு உருக்கும் உலையோடும், சோளம், கேழ்வரகு வகைத் தானியங்களோடும் தென்னாப்பிரிக்கா வரை வந்துவிட்டார்கள்.

ஜிம்பாப்வேயின் மேட்டுநிலம் அவர்களுக்கு வாய்த்தது. கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே ட்செட்ஸே ஈ பெரும்பாலும் இல்லை. இந்த ஈ கடித்தால் மாடு நோயில் விழுந்து சாகும். ஈ இல்லாத இடத்தில் மாடு பெருகும். மாடு பெருகினால் எல்லாம் பெருகும். மாடுதான் அங்கே செல்வம், மாடுதான் சேமிப்பு, பெண் கேட்டுப் போனால் கொடுக்க வேண்டியதும் மாடுதான். ஆயிரம் மாடு வைத்திருந்தவன் அதைப் பத்துப் பத்தாகக் கீழுள்ளவர்களிடம் மேய்க்கவிட்டால், பால் அவர்களுக்கு, விசுவாசம் இவனுக்கு. அரசு என்பது இப்படித்தான் முளைத்தது. மகா ஜிம்பாப்வேயில் கிடைத்த எலும்புகளில் இளம் மாடுகளுடையவை நிறைய இருக்கின்றன. வயதான மாட்டைத்தான் அடித்துத் தின்பது குடியானவன் வழக்கம். இளங்கறி கேட்டு வாங்கித் தின்றவர்கள் வேறு வகை ஆட்கள்.

தங்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது. மேட்டுநிலத்தின் பல இடங்களில் வெள்ளைப் படிகக்கல்லோடு தங்கம் ஓடுகிறது. பாறையைத் தீயால் சுட்டு, தண்ணீரால் வெடிக்கவைத்து, இரும்பு ஆப்பு அடித்துப் பெயர்த்து, இடித்துப் பொடியாக்கி, ஆற்றுநீரில் அலசி எடுத்தார்கள். அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் மாதங்களில் நடந்த வேலை அது. பழைய சுரங்கக் குழிகளில் சரிவில் சிக்கி இறந்தவர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெண்களுடையவை உண்டு. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மதிலின் அழகைச் சொல்லிவிட்டுக் குழியை மறைத்தால் அது வேறொரு கதைகட்டல் ஆகிவிடும்.

உள்ளூரில் அந்தத் தங்கத்துக்கு நெடுநாள் பெரிய மதிப்பு இல்லை. கேட்டவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் முதலில் பெரிதாகப் பலித்தது மகா ஜிம்பாப்வேயில் அல்ல, அதற்குத் தெற்கே, லிம்போப்போ ஆறும் ஷாஷே ஆறும் கூடும் இடத்தில். இன்று தென்னாப்பிரிக்காவின் வடஎல்லை. அங்கே மாப்புங்குப்வே என்ற செங்குத்தான குன்று இருக்கிறது. ஏறத்தாழ 1220-இல் அடிவாரத்து மக்களின் தலைவன் குன்றின்மேல் ஏறிக்கொண்டான், மற்றவர்கள் கீழேயே இருந்தார்கள். அரசன் மேலே, குடி கீழே என்ற ஏற்பாட்டை அந்தப் பகுதியில் இவ்வளவு தெளிவாகக் காண்பது அங்கேதான். குன்றின்மேல் புதைத்த பெரியவர்களின் குழிகளில் தங்கம் இருந்தது. அதில் ஒன்று கையடக்கமான காண்டாமிருகம். மரத்தில் செதுக்கிய உடம்பின்மேல் மெல்லிய தங்கத்தகட்டைப் போர்த்தி, ஊசிமுனை போன்ற தங்க ஆணிகளால் அறைந்திருக்கிறார்கள்.

1930-களின் தொடக்கத்தில் கிடைத்த அந்தக் காண்டாமிருகம், பல பத்தாண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் ஒரு பல்கலைக்கழகத்தில் கிடந்தது. நிறவெறி ஆட்சிக் காலத்துப் பாடநூல்கள், தென்னாப்பிரிக்காவுக்கு வெள்ளையரும் கறுப்பரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்து சேர்ந்தார்கள் என்று சொல்லிக்கொடுத்தன. 13-ஆம் நூற்றாண்டுக் காண்டாமிருகம் அந்தப் பாடத்துக்குத் தொந்தரவு. இன்று நாட்டின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றுக்கு மாப்புங்குப்வே என்று பெயர்.

மாப்புங்குப்வேக்குப் பக்கத்தில், அதற்குச் சற்று முந்தைய கே2 என்ற ஊர் இருக்கிறது. தொல்லியலாளர்கள் வைத்த பெயர், வறண்ட பெயர். அங்கே கிடைத்த சிறுசிறு கண்ணாடி மணிகளை வேதியியல் முறையில் ஆராய்ந்ததில் அது தெற்காசியக் கண்ணாடி என்று தெரியவந்தது. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, துண்டுதுண்டாக நறுக்கிச் செய்யும் மணி. இந்த நுட்பத்தின் மிகப் பழைய பட்டறைகளில் ஒன்று நம் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு. அரிக்கமேட்டின் செழிப்பான காலத்துக்கும் கே2-வுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் ஓடியிருக்கின்றன. ஆகவே அந்த மணிகள் அங்கிருந்து போனவை என்று மார்தட்டக் கூடாது. ஆனால் கைவேலை அதே மரபு. எனக்கு இதைவிடச் சுவையாகப் படுவது, மணியை வாங்கியவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான். கே2 மக்கள் அந்தச் சிறுமணிகளை உருக்கி, களிமண் அச்சில் வார்த்து, பீப்பாய் வடிவத்தில் பெரிய மணிகளாக மாற்றிக்கொண்டார்கள். வந்ததை வந்தபடி கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கள் கண்ணுக்கு எது அழகோ அதுவாக ஆக்கிக்கொண்டார்கள்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியோடு மாப்புங்குப்வே அடங்குகிறது, மகா ஜிம்பாப்வே ஓங்குகிறது. அந்த ஊரிலும் தங்கச் சுரங்கம் இல்லை. ஆனால் மேற்கே தங்கம் கிடைக்கும் நிலத்துக்கும் கிழக்கே கடலுக்கும் நடுவே, வழியின் கழுத்தைப் பிடித்தாற்போல உட்கார்ந்திருந்தது. வழி போய் முடிந்தது சோஃபாலா துறைமுகத்தில், இன்றைய மொசாம்பிக் கரையில். சோஃபாலாவின் கணக்குப்பிள்ளை அதற்கும் வெகுவடக்கே இருந்த கில்வா என்ற தீவு நகரம்.

கில்வா ஏன் அங்கே அமைந்தது என்பதற்குக் காற்றைக் கேட்க வேண்டும். நவம்பர் வாக்கில் வாடைக்காற்று கிளம்பும். அரேபியாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் பாய்மரம் விரித்தவர்கள் அதைப் பிடித்து ஆப்பிரிக்கக் கரையோரம் தெற்கே இறங்குவார்கள். ஏப்ரலுக்குப் பிறகு காற்று திரும்பும், அப்போது வீடு திரும்ப வேண்டும். ஒரே பருவத்தில் போய்ச் சரக்கு மாற்றிக்கொண்டு திரும்பக்கூடிய தெற்கு எல்லை ஏறத்தாழ கில்வாதான். அதைத் தாண்டிச் சோஃபாலாவுக்குப் போனால் அடுத்த காற்றுவரை அங்கேயே கிடக்க வேண்டும். ஆகவே சோஃபாலாத் தங்கத்தைக் கில்வாக்காரர்கள் தங்கள் கலத்தில் ஏற்றிக்கொண்டுவந்து வைத்திருப்பார்கள். வெளிநாட்டார் கில்வாவிலேயே வாங்கிக்கொள்ளலாம், இடையில் கில்வாவுக்கு வரியும் லாபமும். தங்கம், தந்தம் போயின. துணி, கண்ணாடி மணி, சீனப் பீங்கான் வந்தன. அடிமைகளும் விற்கப்பட்டார்கள்.

1331-இல் பயணி இபின் பதூதா அங்கே போனார். உலகின் மிக அழகான நகரங்களில் ஒன்று என்று எழுதினார். அப்போது ஆண்ட சுல்தான் அல்-ஹசன் இப்னு சுலைமான் கடலோரப் பாறைமேல் பவளக்கல்லால் ஓர் அரண்மனை கட்டியிருந்தார். நூறு அறைகள் அளவுக்கு, எண்கோண வடிவக் குளிக்கும் தொட்டியோடு. அதே சுல்தானின் பெயர் பொறித்த ஒரு செப்புக்காசு, கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, மகா ஜிம்பாப்வேயில் கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு காசு. உள்நாட்டில் காசு புழங்கவில்லை. யாரோ கையில் கொண்டுவந்து, யாருக்கோ காட்டி, பிறகு தொலைத்திருக்கிறார்கள்.

கில்வா போன்ற கரை நகரங்களை யார் கட்டினார்கள் என்பதிலும் நெடுநாள் சச்சரவு. அரபுக்காரர்களின் குடியேற்றங்கள் என்று ஐரோப்பியர் எழுதினார்கள். நகரத்துப் பெருங்குடிகளே தாங்கள் பாரசீகத்து ஷிராஸிலிருந்து வந்தவர்கள் என்று பெருமை பேசினார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள், பேசுவது பாண்டு மொழி, அடியில் கிடக்கும் பானை உள்ளூர்ப் பானை, ஆகவே நகரம் ஆப்பிரிக்கரது, ஷிராஸ் வெறும் கதை என்றார்கள். 2023-இல் பழைய கல்லறைகளிலிருந்து 80 பேரின் மரபணுவை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கம். தந்தைவழியில் பாரசீகம் நிறைய, சிறிது இந்தியமும். கலப்பு தொடங்கியது ஏறத்தாழ கி.பி. 1000 வாக்கில். பெருங்குடிகள் சொன்ன கதையில் பாதி சரியாகிவிட்டது. வந்த வணிகர்கள் உள்ளூரில் பெண் எடுத்தார்கள், பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசின. வீட்டில் பேசும் மொழியை யார் முடிவு செய்கிறார் என்பது நமக்குத் தெரியாததல்ல.

1450 வாக்கில் மகா ஜிம்பாப்வே கலையத் தொடங்கியது. பத்தாயிரம் பேரின் அடுப்புக்கும் அத்தனை மாட்டுக்கும் விறகும் மேய்ச்சலும் ஒரே இடத்தில் எத்தனை காலம் தாங்கும்? தங்க வழியும் வடக்கே ஜாம்பசி ஆற்றுப் பக்கமாக நகர்ந்தது. மக்கள் அழிந்துபோகவில்லை, இடம் மாறினார்கள். வடக்கே முட்டாப்பா அரசு எழுந்தது. மேற்கே காமி என்ற ஊரில் அதே கல்லடுக்குக் கலை இன்னும் நுணுக்கமாகத் தொடர்ந்தது. 1505-இல் போர்ச்சுக்கீசியர் கில்வாவைக் கொள்ளையடித்துவிட்டுச் சோஃபாலாவில் கோட்டை போட்டார்கள். மேட்டுநிலத்துக்குள்ளும் புகுந்து, முட்டாப்பா மன்னர்களைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். 1693-இல் சங்காமிரே டோம்போ என்ற தலைவனின் படை அவர்களை மேட்டுநிலத்திலிருந்து அடித்து விரட்டியது. ஐரோப்பியர் வந்ததும் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஏறத்தாழ இரு நூறு ஆண்டுகள் அந்த மேட்டுநிலம் அவர்கள் கைக்குப் போகவில்லை.

1871-இல் கார்ல் மாவ்க் என்ற ஜெர்மானியர் இடிபாடுகளைத் தேடி வந்தார். வாசல் உத்தரமொன்றிலிருந்து ஒரு சிம்பு எடுத்து, தன் பென்சிலின் மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நிறம் ஒன்று, மணமும் ஒன்று. பென்சில் தேவதாரு மரம், ஆகவே இதுவும் தேவதாரு, ஆகவே லெபனானிலிருந்து வந்தது, ஆகவே கட்டியவள் விவிலியத்தின் ஷேபா நாட்டு அரசி. ஒரு பென்சிலிலிருந்து ஓர் அரசி வரை நாலே படி. அந்த மரம் அந்தக் காட்டிலேயே வளரும் உள்ளூர் மரம். அங்கே தன் தகப்பன் நடத்திய சடங்குகளைப் பற்றி உள்ளூர் ஆள் ஒருவர் விவரித்ததையும் மாவ்க் எழுதி வைத்தார். ஆனால் அந்தச் சாட்சியை எடைபோடவில்லை.

மாவ்க் அசட்டுத்தனமாக ஏமாந்தார் என்று சிரித்துவிடலாம். அடுத்து வந்தவர்கள் ஏமாந்தவர்கள் அல்ல. 1890-இல் செசில் ரோட்ஸ் என்ற ஆங்கிலேய முதலாளியின் கம்பெனி படையோடு அந்த நாட்டுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டே அவர் ஆதரவோடு தியோடர் பென்ட் என்பவர் வந்து தோண்டினார். கிடைத்ததெல்லாம் உள்ளூர்ப் பொருளாக இருந்தும், கட்டியவர்கள் அரேபியா பக்கத்திலிருந்து வந்த பழைய இனத்தார் என்று முடித்தார். இது ஒரு பட்டா வழக்கு. நிலத்தைப் பிடித்தவனுக்கு ஒரு மூலப்பத்திரம் வேண்டும். இங்கே முதலில் நாகரிகம் கொண்டுவந்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், கறுப்பர்கள் பின்னால் வந்து அதைக் கெடுத்தவர்கள் என்று நிறுவிவிட்டால், ரோட்ஸ் ஆக்கிரமிப்பாளர் அல்ல, வாரிசு. சுவரை ஷோனாக்கள் கட்டியதாக ஒப்புக்கொண்டால், அந்த நிலத்தில் ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே அவர்களுக்கு அரசும் ஆவணமும் இருந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டிவரும். கல்லே பத்திரம்.

1895-இல் 'பண்டை இடிபாடுகள் கம்பெனி' என்றே ஒன்று தொடங்கி, உரிமம் வாங்கிக்கொண்டு, நாடு முழுவதும் இடிபாடுகளில் தங்கம் தேடிக் கிளறினார்கள். கிடைத்த நகைகளில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. மாப்புங்குப்வேயின் காண்டாமிருகம் அவர்கள் கைக்கு எட்டாததால் நமக்குக் காணக் கிடைக்கிறது. உருகிப் போனவற்றில் என்னென்ன விலங்குகள் இருந்தனவோ!

1905-இல் டேவிட் ராண்டல்-மெக்கைவர் என்ற பயிற்சி பெற்ற தொல்லியலாளர் வந்து பார்த்துவிட்டு, கட்டியவர்கள் ஆப்பிரிக்கர், காலம் இடைக்காலம் என்று எழுதினார். குடியேறிய வெள்ளையர்கள் கொதித்தார்கள். நமது ஹால் அவரை மறுத்துத் தடித்த புத்தகம் ஒன்று போட்டார். சச்சரவைத் தீர்க்க 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் வந்தார், இரண்டு இளம் பெண்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. அவர்களில் ஒருவர், பின்னாளில் ஜெரிக்கோவைத் தோண்டிப் பெயர் பெற்ற கேத்லீன் கென்யன். கேட்டன்-தாம்சனின் யோசனை எளிமையானது. சுவருக்குள் தோண்டினால், பின்னால் வந்தவன் போட்டது என்பார்கள். சுவருக்கு அடியில் தோண்டினால்? அஸ்திவாரத்துக்குக் கீழே கிடக்கும் பானை ஓடு சுவருக்குப் பிந்தியதாக இருக்க முடியாது. ஹாலின் கைபடாத ஒரு சிறு வளாகத்தைத் தேர்ந்தெடுத்து அப்படியே தோண்டினார். அடியிலும் அதே ஆப்பிரிக்கப் பானைதான். சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று அறிவித்தார். பிறகு வந்த கரிமக் காலக்கணிப்பும், 11 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை என்று அவர் பக்கமே நின்றது.

வழக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1965-இல் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாக விடுதலை அறிவித்துக்கொண்ட பிறகு, பழைய பொய்க்கு மறுபடியும் உயிர் வந்தது. வழிகாட்டி நூல்களிலும் பாடங்களிலும் கட்டியவர் யார் என்பதைத் தெளிவாகச் சொல்லக் கூடாது என்ற நெருக்கடி அரசாங்கத் தொல்லியலாளர்கள்மேல் விழுந்தது. தலைமைத் தொல்சின்ன ஆய்வாளராக இருந்த பீட்டர் கார்லேக் அதைப் பொறுக்காமல் 1970-இல் நாட்டைவிட்டே வெளியேறினார். மறுபக்கம், விடுதலை இயக்கங்கள் 1960-களின் தொடக்கத்திலேயே தங்கள் பெயரில் ஜிம்பாப்வே என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டிருந்தன. 1980-இல் நாட்டுக்கே அந்தப் பெயர் வந்தது. சுவரை வைத்துப் பட்டா மறுக்கப்பட்டவர்களுக்கு, சுவரின் பெயரிலேயே பட்டா வந்து சேர்ந்தது.

அந்த நாட்டின் கொடியில் ஒரு பறவை இருக்கிறது. மகா ஜிம்பாப்வேயில், மாவுக்கல்லில் செதுக்கித் தூண்களின் உச்சியில் வைத்திருந்த எட்டுப் பறவைகளின் சாயல் அது. கழுகு என்பார் உண்டு, முன்னோரின் செய்தியைக் கொண்டுவரும் தெய்வப்பறவை என்பாரும் உண்டு. கால்விரல்கள் சிலவற்றில் மனிதருக்கு இருப்பது போல் இருக்கின்றன. 1889-இல் ஒரு வேட்டைக்காரர் ஒன்றைத் தூணிலிருந்து வெட்டி எடுத்துவந்தார், ரோட்ஸ் அதை விலைக்கு வாங்கிக் கேப் டவுன் வீட்டில் வைத்துக்கொண்டார். மாடிப்படிக் கைப்பிடிக்கு அதே போல மரத்தில் செதுக்கவும் சொன்னார். மற்றவற்றில் பலவும் ஒவ்வொன்றாகக் கடத்தப்பட்டன. கேப் டவுன் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தவை 1981-இல் திரும்பின. சும்மா வரவில்லை. தேனீ, குளவி வகைப் பூச்சிகளின் பெரிய சேகரிப்பு ஒன்றை ஜிம்பாப்வே ஈடாகக் கொடுத்தது.

ஒரு பறவை மட்டும் இரண்டாக உடைந்திருந்தது. மேல்பாதி நாட்டிலேயே இருந்தது. கீழ்ப்பாதியை ஒரு பாதிரியார் ஜெர்மனிக்கு விற்றிருந்தார். இரண்டாம் உலகப்போரின் முடிவில் சோவியத் படை பெர்லினிலிருந்து அள்ளிக்கொண்டு போனவற்றில் அதுவும் லெனின்கிராடு போய், பிறகு ஜெர்மனிக்கே திரும்பியது. 2003-இல் ஜிம்பாப்வேக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பாதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பொருந்தின.